மேட்டுக்கு ஒரு பேருந்து

என் வீட்டுக்காரியை டெப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பேருந்தை நிறுத்தும்போது நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் வந்த பட்டம். ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்த்தால், இந்தப் பெயரை வைத்த புண்ணியவானைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்கத் தோன்றும். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும், பிறகுதான் எனக்கு. ஸ்டியரிங்கைத் தொட்டதும் அந்தக் கோபமெல்லாம் எங்கே போய் ஒளிகிறதோ தெரியவில்லை.

ஆரம்பத்தில் அவள் கண்டக்டர். அப்போதிருந்த டிரைவர் ஒருவர் பிரேக்கை மிதிப்பதாக நினைத்துப் பயணிகளை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் போட்ட பிரேக்கில் இவள் டிக்கெட் பையோடு ஒரு பெரியவர் மடியில் போய் விழுந்தாள். எழுந்து நேராக முன்னால் போய், "அண்ணே, நீங்க ஓட்டுறதுக்கு நானே ஓட்டிடுவேன்" என்றாள். "எங்க, ஓட்டேன் பாக்கலாம்" என்றார் அவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தான்தான் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. இவள் லைசென்ஸ் எடுத்தாள், தேர்வில் தேறினாள், அதே தடத்தில் அதே பேருந்துக்கு அவர் கையிலிருந்தே சாவி வாங்கினாள். மனிதர் நல்லவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மின்சாரப் பேருந்துகள் வந்தபோது டெப்போவே மூக்கால் அழுதது. சத்தம் இல்லை, உறுமல் இல்லை, கியர் மாற்றுகிற வேலை இல்லை. "இது ஓடுதா தூங்குதான்னே தெரியலையே" என்று இவளும் வந்து புலம்பினாள். முதல் மாதம் எல்லோரையும்விட இவள் வண்டியில்தான் சார்ஜ் சீக்கிரம் இறங்கியது. பஞ்சுவுக்கு வந்த சோதனையைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காரணம் டீசல் காலத்துப் பழக்கம். டீசல் வண்டியில் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருளவிடுவார்கள். எண்ணெய் மிச்சமாகும் என்று கணக்கு. மின்சார வண்டியில் அது தலைகீழ். 'டிரைவ்' நிலையிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால், இறங்குகிற வேகமே மின்சாரமாகித் திரும்ப பேட்டரிக்குள் போகும். நியூட்ரலில் போட்டால் அத்தனையும் வீண். மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒரு மாதம் முழுக்க வாரி இறைத்திருக்கிறாள். அது தெரியவந்த அன்று எங்கள் வீட்டில் ஒரு குழம்புச் சட்டி உயிரைவிட்டது.

அப்புறம் அந்த வண்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். இப்போது யாராவது குறை சொன்னால் சொந்தத் தங்கையைச் சொன்ன மாதிரி சண்டைக்குப் போகிறாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் டைல்ஸ் போடுகிறவன். ஊர் வளர்ந்தால்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் ஊர் வளர்வதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் வளர்கிற ஊர் என்னையே வெளியே நெட்டித் தள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நகரத்துக்குள் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு மேலே மேலே கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே மேட்டில் நாலு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் வேலை பார்த்த கட்டடங்கள்தான். அதில் ஒரு வீடு எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வீடு! "யோசிக்காதே, வாங்கிடலாம்" என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்தான்.

வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மொட்டை மாடி முழுக்க சோலார் தகடுகள். பகலில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் வெயிலிலேயே ஓடும். குறை வெளியே இருந்தது. எந்தப் பேருந்தும் மேடேறி வராது. அடிவாரத்தில் எண்ணெய் ஆலை நிறுத்தத்தோடு எல்லாம் திரும்பிவிடும். ஊருக்கே பேருந்து ஓட்டுகிறவளுக்குத் தன் வீட்டுக்கு வரப் பேருந்து இல்லை. விடிவதற்கு முன்னால் நான் அவளை என் பழைய பைக்கில் டெப்போவில் கொண்டுபோய் விடுவேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவாள். அங்கிருந்து நான் எங்கே வேலையோ அங்கே போவேன். இருட்டின பிறகு போய் அவளைக் கூட்டி வருவேன். வீட்டுக்கு வந்து எதையோ வாயில் போட்டுக்கொண்டு படுத்தால் மறுபடி அலாரம். வார விடுமுறை அன்று திரையை இழுத்துவிட்டுப் பகல் முழுக்கத் தூங்குவாள். நாங்கள் மட்டுமில்லை, கட்டடத்தில் எல்லார் கதையும் அதேதான். ஆளுக்கொரு பைக் வாங்கியதில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஊசி போட இடமில்லை.

ஒரு நாள் இரவு பைக்கிலிருந்து இறங்கினவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியலைங்க. வேலையை விடச் சொன்னா விட மாட்டேன். மேட்டுக்கு பஸ் வந்தா சரி. வரலைன்னா வீட்டை வித்துடலாம். பழைய பக்கமே ஒரு ரூம் பாத்துக்கலாம்" என்றாள். நான் சரி என்றேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது.

மேட்டுக்குப் பேருந்து விடச் சொல்லி, எங்கள் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து போக்குவரத்துக் கழகத்தில் கேட்டுப் பார்த்தோம். இதில் முன்னால் நின்றவர் எங்கள் சங்கத் தலைவர். அவரை நாங்கள் ஜெனரல் என்போம். ராணுவத்தின் பக்கமே போனதில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நடையும் குரலும் மட்டும் அப்படி. வாயில் அருகே மின்சார அறையை ஒட்டிப் போட்டிருக்கிற கூரைக்கு அடியில் அவருடைய கார் நிற்கும். ஓட்டினதைவிடத் துடைத்தது அதிகம்.

புதுத் தடங்களுக்கு இனி டீசல் வண்டி கிடையாது என்று போக்குவரத்துக் கழகம் முடிவெடுத்திருந்தது. மின்சார வண்டி என்றால், பகல் முழுக்க ஓடிக் களைத்த பிறகு மாலையில் மேடேறி இறங்கி டெப்போவுக்கு வந்து சேருமா என்பது கேள்வி. டெப்போவின் பொறியாளர் அம்மா இவளைக் கூப்பிட்டு, "பஞ்சு, நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன். வந்து சேர்ந்தா தடம் போட எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டார். இவள் அன்று வீட்டுக்கு வந்தபோது காலே தரையில் படவில்லை.

ஓட்டிப் பார்க்கிற செய்தி ஜெனரல் காதுக்கு எட்டியது. அங்கேதான் பிடித்தது சனி. பேருந்து காலியாக வந்தால், இந்த மேட்டுக்கு ஆளே இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். வீடு வீடாகப் போய்த் தட்டினார். "ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் வரணும். நம்ம பலத்தைக் காட்டணும்!" கைக்குழந்தை முதல் கைத்தடி வரை அத்தனை பேரும் எண்ணெய் ஆலை நிறுத்தத்துக்கு இறங்கி வந்து நின்றோம். நானும் நின்றேன். எவ்வளவு பெரிய காரியம் செய்கிறோம் என்று எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பகல் ஓட்டமெல்லாம் முடிந்து மாலையில் பேருந்து வந்து நின்றது. எங்களைப் பார்த்ததும் இவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் கதவைத் திறந்தாள். நிறுத்தத்தில் நிற்கிறவர்களை ஏற்றாமல் போக அவளுக்குக் கை வராது. மூச்சுவிட இடமில்லாமல் ஏறினோம். ஜெனரல் படியில் நின்று இன்னும் இரண்டு பேரைத் தூக்கிப் போட்டார்.

மேடு ஆரம்பித்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த திரையில் சார்ஜ் காட்டுகிற கோடு, பார்க்கப் பார்க்கக் கரைந்துகொண்டிருந்தது. பலத்தைக் காட்டப் போனவர்கள் பாரத்தை ஏற்றிவிட்டோம். ஒரு திருப்பத்தில் கோடு சிவப்பாக மாறியது. பின்னால் விவரம் தெரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி மேலே வந்து சேர்ந்தது. எல்லாரும் இறங்கிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பொறியாளர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இனி டெப்போ போய்ச் சேராதும்மா" என்றார் மெதுவாக. இவள் ஜன்னலில் தலையை நீட்டி, "எல்லாரும் மறுபடி ஏறுங்க!" என்று கத்தினாள். பஞ்சுவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை டெப்போவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏறும்போது எமனாக இருந்த அதே பாரம், இறங்கும்போது சார்ஜைக் கொஞ்சம் திருப்பித் தரும். பொறியாளர் அம்மாவும் தலையாட்டினார். வீட்டு வாசல் வரை வந்தவர்கள் எல்லாம் ஒன்றும் புரியாமல் திரும்ப ஏறினோம்.

இறக்கத்தில் அவள் ஓட்டின ஓட்டத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஒரு குலுக்கல் கிடையாது. கோடு அங்குலம் அங்குலமாக ஏறியது. எல்லார் கண்ணும் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. அடிவாரம் வந்து சமதரையில் ஓட ஆரம்பித்ததும் ஏறினதெல்லாம் மறுபடி இறங்கியது. டெப்போ இன்னும் நாலு தெரு தள்ளி. வண்டி தானாகவே வேகம் குறைந்து, ஓரம் கட்டி, நின்றுவிட்டது. நின்ற இடம் எது தெரியுமா? ஒரு பெட்ரோல் பங்கின் வாசல். இழுத்துப்போக டீசல் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. ஜெனரல் அன்று முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் இவள் பாத்திரங்களைத் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் நல்லாத்தாங்க ஓட்டினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் நான் வீட்டுத் தரகரிடம் பேசினேன். அவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

தரகருக்கு முன்னால் பொறியாளர் அம்மா வந்துவிட்டார். நல்ல உச்சி வெயில். நான் பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெனரல் கூப்பிட்டு அனுப்ப, கையில் சிமென்ட்டோடு ஓடிப் போனேன். அந்த அம்மா மேட்டுச் சாலையை ஒரு முறை நடந்தே பார்த்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துல வர்ற கரண்ட்டை என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"மின்வாரிய லைனுக்குக் கொடுக்கறோம் மேடம்" என்றார் ஜெனரல் பெருமையாக. பிறகு சுருதி கொஞ்சம் இறங்கி, "ஆனா இந்த நேரத்துல அவங்களே வேண்டாம்னு நிறுத்திடறாங்க. எல்லா மாடியிலயும் ஒரே நேரத்துல கொட்டுதாம். வாங்க ஆளில்லை" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். "நாங்க ராத்திரி டெப்போவுல சார்ஜ் போடறோம். அந்த நேரத்துல வர்றதுல பெரும்பங்கு நிலக்கரியில எரிஞ்சு வர்ற கரண்ட். புகையை நிறுத்திட்டோம்னு பஸ் மேல பெருசா எழுதி வெச்சிருக்கோம். நிறுத்தலை, வேற எங்கேயோ தள்ளிவிட்டிருக்கோம். நீங்க இங்க வெயிலைக் கொட்டிக் கவுத்துட்டு, ஆளுக்கொரு பைக்ல கீழ போய்ப் புகை விடறீங்க. உலகத்துல எங்க பாத்தாலும் இதே கதைதான். ஒரு பக்கம் தகடும் காத்தாலையுமா வெக்கறாங்க, இன்னொரு பக்கம் ஊர் நீண்டுக்கிட்டே போகுது. கூட்டிக் கழிச்சா மிச்சம் நிக்கறதில்லை."

அவர் சொன்ன யோசனை இதுதான். காலை ஓட்டம் முடிந்ததும் பேருந்து மேடேறி வந்துவிடும். மத்தியானம் முழுக்க இங்கேயே நின்று எங்கள் மாடி மின்சாரத்தைக் குடிக்கும். பிறகு இறங்கிப் போய் மாலைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தாலும் தாங்கும். சார்ஜ் போடும் பெட்டியைக் கழகமே கொண்டுவந்து வைக்கும். மின்சாரமும் பேருந்து நிற்க இடமும் எங்களுடையது. இடம் மின்சார அறையை ஒட்டி இருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜெனரலின் காரைப் பார்த்தோம்.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பார்த்தார். "பஸ் வந்தா இந்த மேட்டுல இன்னும் கட்டடம் வரும். சிமென்ட், கம்பி, டைல்ஸ்... இதெல்லாமும் புகைதான். நாம மிச்சம் பிடிக்கறதை அது தின்னுடுமான்னு எனக்கு இப்போ சொல்லத் தெரியலை" என்றார். "மேடம், சிமென்ட்டைச் சொல்லுங்க, டைல்ஸை மட்டும் விட்டுடுங்க" என்றேன். அவர் சிரித்தாலும் விடவில்லை. எனக்கும் அது மனதில் நெருடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நம் மின்சாரத்தை வெளியாருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். பேருந்து நின்றால் பார்க்க லட்சணமாக இருக்காது என்றார் இன்னொருவர். ஜெனரல் ஜன்னல் வழியாகத் தன் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் எழுந்தாள்.

"யாரையும் கெஞ்ச வரலைங்க. பஸ் வரலைன்னா நாங்க வீட்டை வித்துட்டுப் போறோம், தரகர்கிட்ட சொல்லியாச்சு. நீங்க எல்லாரும் இருக்கணும்ல? அன்னைக்கு அத்தனை பேரும் ஏறினீங்களே, பஸ் வேண்டாம்னா ஏறினீங்க? நான் அந்த பஸ்ஸைக் கடைசி வரைக்கும் கொண்டு போக முடியலை. எனக்கு அது இன்னும் வலிக்குது. இன்னொரு தடவை ஓட்ட விடுங்க, அவ்வளவுதான்."

கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. மறுநாள் விடியற்காலை பைக்கை எடுக்கக் கீழே போனால், கூரைக்கு அடியில் இடம் காலியாக இருந்தது. ஜெனரல் காரைத் திறந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதன் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டிருந்தார். "என்ன சார், இந்த நேரத்துல?" என்றேன். "பகல்ல செஞ்சா மனசு மாறிடும்" என்றார். இவள் பைக்கிலிருந்து இறங்கிப் போய் விரிப்பின் மறு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். தலைவரே இடத்தை விட்டுவிட்ட பிறகு மற்றவர்கள் வாய் எங்கே திறக்கும்? அடுத்த கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தரகரிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னேன்.

சார்ஜ் பெட்டி வைத்து, இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து, தடம் ஆரம்பிக்கச் சில மாதங்கள் ஆயின. இந்த முறை கூட்டத்தோடு ஏறித்தான் பார்த்தார்கள். வண்டி டெப்போவில் போய் நின்ற பிறகும் கோடு பச்சையாகவே இருந்தது. அதிகாலையில் டெப்போ ஊழியர்களை ஏற்றிப் போகவும் இரவில் திரும்பக் கொண்டுவந்து விடவும் ஒரு வண்டி மேடு வரை வருகிறது, அதனால் என் பைக்குக்கும் ஓய்வு. முதல் நாள் மத்தியானம் நான் வேலையிடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். பேருந்து சத்தமில்லாமல் மேடேறி வந்து, கூரைக்கு அடியில் மூக்கை நுழைத்து நின்றது. ஜெனரல் 'வரட்டும், வரட்டும்' என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார், அவர் காட்டாவிட்டால் அவளுக்கு நிறுத்தத் தெரியாத மாதிரி. நான் கையைக் கழுவிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இவள் காக்கிச் சட்டையோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா கையிலேயே இருந்தது. பால்கனிக் கதவு வழியாக வந்த வெயில் கூடம் முழுக்கப் பரந்து கிடந்தது.

"ஏங்க, தரையை எப்ப மாத்தினீங்க?" என்றாள்.

"மாத்தறதா? நான் எங்க மாத்தினேன்?"

"இது பச்சையா இருக்கே. நம்ம தரை சாம்பல் கலர் இல்ல?"

"ஆரம்பத்துலேர்ந்தே பச்சைதாம்மா. இளம்பச்சை. நானே பொறுக்கி எடுத்துப் போட்டது. டியூப் லைட்டுல அப்படித்தான் தெரியும். பகல்ல நீ எங்க பாத்த?"

செருப்பை உதறிவிட்டு வெயில் விழுந்த இடத்தில் போய்க் காலை வைத்தாள். சுட்டிருக்க வேண்டும், காலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையால் ஓடுகளைத் தடவிப் பார்த்தாள். நான் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இதைப் போய் விக்கப் பாத்தோமே" என்றாள்.